கிணற்றுக்குக் கிழக்கே ஒரு ஏக்கர்

பாறைக்கொட்டாய்,
காரிமங்கலம்.
12.8.2024

மாதவராஜ் வாத்தியார் அவர்களுக்கு,

உங்கள் அப்பா பெற்ற தீர்த்தம்மாள் எழுதுவது. தங்கை என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் குரலை இனிக் கேட்பதில்லை என்று ஊர் மாரியம்மன் கோயிலில் சூடத்தை அணைத்துச் சொல்லி முப்பது வருஷம் ஆகிறது. அந்தச் சொல்லை நான் தவறவிடவில்லை. அதனால்தான் போன் இல்லை, கடிதம். காகிதத்துக்குக் குரல் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் பிடிக்கிறது. பிழை கண்ணில் பட்டால் சிவப்பு மையைத் தேடாமல் அப்படியே படியுங்கள்.

விஷயம் ஒரு கணக்கு. என் மகள் கோகிலவாணியின் பெண் வெண்மதி எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனவர் இன்னும் வரவில்லை. பிள்ளை புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கும்போது நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கணக்கு என் காதிலேயே நின்றுவிட்டது:

‘ஒரு நிலத்தின் வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 10 மீட்டரைக் குறிக்கிறது. படத்தில் நிலத்தின் நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ. எனில், நிலத்தின் பரப்பு என்ன?’

பிள்ளை எட்டையும் ஐந்தையும் பெருக்கி நாற்பது, அதைப் பத்தால் பெருக்கி நானூறு என்கிறாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வேறு விடை இருக்கிறது. ஏன் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. உங்களிடம் படித்தவர்கள் பாதிப் பேர் இஞ்சினியர் என்று ஊர் சொல்கிறது. போட்டு அனுப்புங்கள்.

அப்பாவின் நிலத்தை, கிணற்றையும் சேர்த்து, தை மாதத்தில் பிளாட் போடுகிறவர்களுக்கு உங்கள் மகன் அருண்குமார் விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். போன மாதம் இரண்டு பேர் கார் வைத்துக்கொண்டு வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இத மூடிட்டா ரெண்டு சைட் சேர்த்து வரும்’ என்று பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் கொள் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுத நான் பேனா எடுக்கவில்லை. கணக்கு மட்டும்தான்.

தீர்த்தம்மாள்


பாப்பிரெட்டிப்பட்டி
20.8.2024

தீர்த்தம்,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மோசமில்லை. ‘வரைபடம்’ என்பதில் இடையின ரகரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாய்.

குழந்தை செய்தது எல்லாக் குழந்தைகளும் செய்யும் பிழை. நாற்பது சதுர சென்டிமீட்டரைப் பத்தால் ஒரு தடவை பெருக்கினால் போதாது. நீளமும் பத்து மடங்கு, அகலமும் பத்து மடங்கு. ஆகையால் பரப்பு நூறு மடங்கு. 80 மீட்டரை 50 மீட்டரால் பெருக்கு. விடை 4000 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஏக்கருக்கு நாற்பத்தேழு சதுர மீட்டர் குறையும், அவ்வளவுதான்.

அவளிடம் இதையும் சொல். விடை வந்துவிட்டது என்று பேனாவை மூடி வைக்கக் கூடாது. வேறு வழியில் ஒருமுறை போட்டுச் சரிபார்க்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையின் மூலையில் ‘சரிபார்’ என்று எழுதி வைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன். சரிபார்க்காத கணக்கு, போடாத கணக்கு.

நிலத்தைப் பற்றி எழுதப் பேனா எடுக்கவில்லை என்றாயே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரிமங்கலம் சந்தையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று, என்னைத் திருடன் என்றாய். என் மாணவர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். நானும் மறக்கவில்லை. அப்பா சொன்னபடி கிழக்குக் கடைசியிலிருந்து உனக்கு ஒரு ஏக்கர் அளந்து கொடுத்தேன். பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்றுதான் இருக்கிறது. எடுத்துப் பார்.

மாப்பிள்ளை சௌக்கியமா? முட்டி வலி இன்னும் இருக்கிறதா?

மாதவராஜ்


பாறைக்கொட்டாய்
2.9.2024

வாத்தியார் அவர்களுக்கு,

கணக்குக் கிடைத்தது. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

உங்கள் மச்சானின் முட்டி வலியை விசாரித்திருந்தீர்கள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நீங்கள் வந்தீர்கள். வெள்ளைச் சட்டை, கையில் மாலை. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தின் அந்தப் பக்கம் நின்றீர்கள். கோகிலவாணி காபி கொண்டுவந்தாள், வாங்கவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு, மாலையைப் பெரியப்பா மகனிடம் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். அதையெல்லாம் வைத்துக்கொண்டு முட்டி வலி எப்படி என்று கேட்க உங்களுக்குத்தான் வரும். இப்படிக் குத்துவதற்குப் படித்திருக்க வேண்டும் போல.

சரி. இரண்டாவது கணக்கு. இது கொஞ்சம் சுற்று.

அதே படம், 1 செ.மீ. என்பது 10 மீட்டர். ஒருவர் அந்தப் படத்தை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போகிறார். எழுத்து சிறியதாக இருக்கிறது என்று பெரிதாக்கச் சொல்கிறார். படத்தின் பரப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. ஆனால் மூலையில் அச்சடித்த ‘1 செ.மீ. = 10 மீ.’ அப்படியேதான் இருக்கிறது. இன்னொருவர் அந்தப் பெரிய தாளை வாங்கி, அடிக்கோலை வைத்து, மூலையில் இருப்பதை நம்பி, ஒரு ஏக்கர் என்று ஒரு கோடு போடுகிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையில் உண்மையில் எவ்வளவு இருக்கும்?

வழியோடு எழுதுங்கள். விடை மட்டும் போதாது.

தீர்த்தம்மாள்


பாப்பிரெட்டிப்பட்டி
10.9.2024

தீர்த்தம்,

நல்ல கணக்கு. இப்போதைய புத்தகங்களில் இப்படியெல்லாம் வருவது மகிழ்ச்சி.

படத்தைப் பெரிதாக்கினால் நிலம் பெரிதாகாது. இதுதான் சூட்சுமம். தாளில் எல்லாம் இரண்டு மடங்கு பரப்பில் தெரிகிறது. அளப்பவன் அதை மூலப்படம் என்று நினைத்து அளக்கிறான். அவன் 40 சதுர சென்டிமீட்டர் என்று குறிப்பது, மூலப்படத்தில் 20 சதுர சென்டிமீட்டர்தான். 20-ஐ 100-ஆல் பெருக்கு. 2000 சதுர மீட்டர். விடை: அரை ஏக்கர். சரியாகப் பாதி.

இதில் குழந்தைக்கு ஒன்று கற்றுக்கொடுக்கலாம். அளந்தவன் தன் பிழையைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. முழு நிலத்தையும் அதே தாளில் ஒருமுறை அளந்திருந்தால், பட்டாவில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு வந்திருக்கும். அப்போதே தெரிந்திருக்கும். அது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாதவன் முட்டாள். என் வகுப்பாக இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அவளிடம் சொல், விடை வந்துவிட்டது என்று பேனாவை மூடி வைக்கக் கூடாது. வேறு வழியில் ஒருமுறை போட்டுச் சரிபார்க்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையின் மூலையில் ‘சரிபார்’ என்று எழுதி வைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன்.

அடுத்த கணக்கை அனுப்பு.

மாதவராஜ்


பாறைக்கொட்டாய்
18.9.2024

அண்ணா,

இனி ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ எல்லாம் எனக்கு வராது. நீ.

அடுத்த கணக்கு இல்லை. இரண்டாவது கணக்குப் புத்தகத்தில் இருந்ததும் இல்லை. அது நம் கணக்கு.

அப்பா காரியம் முடிந்து பதினெட்டாம் நாள், ஐப்பசி, 1993. நாம் இரண்டு பேரும் தர்மபுரிக்குப் போனோம். நீ நீலக் கட்டம் போட்ட சட்டை, பையில் மூடி இல்லாத பேனா கசிந்து கறை. மணியக்காரரிடம் இரவல் வாங்கிய நிலப்படத்தைச் சுருட்டி நான்தான் வைத்திருந்தேன், மழை தூறியது, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. நீ பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்கப் போய்விட்டாய். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘எழுத்து எறும்பாட்டம் இருக்குதே, பெருசாக்கிக் குடுக்கட்டாம்மா?’ என்று கேட்டார். நான் சரி என்றேன். பெரிதாக்கினால் உனக்கு நன்றாகத் தெரியுமே என்று. நீ திரும்பி வந்து அந்தப் பெரிய தாளை விரித்தாய். பெஞ்சின் இரண்டு பக்கமும் வழிந்தது. ‘நல்லா எடுத்திருக்கான்’ என்றாய். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய், சூடே இல்லை. அந்தப் பெஞ்சிலேயே அடிக்கோலை வைத்துக் கோடு போட்டாய். கேழ்வரகு நின்றதால் நிலத்தில் யாரும் டேப் பிடிக்கவில்லை. உன் கோடு கிணற்றுக்குக் கிழக்கே இருந்த வரப்பில் வந்து விழுந்தது. பத்திரத்திலும் மேற்கெல்லை அந்த வரப்பு என்று எழுதச் சொன்னாய். கிணறு உனக்குப் போனது, வரப்பிலிருந்து ஆறு எட்டு வைக்கிற தூரத்தில்.

அறுவடை முடிந்து உன் மச்சான் ஏர் பூட்டினார். ஒரு ஏக்கருக்கு இரண்டு நாள் ஓட்டுகிற மாடு அது. ஒரே நாளில், பொழுது இருக்கும்போதே முடித்து, மாட்டை அவிழ்த்துவிட்டு நின்றார். ‘என்னாடி இது, பாதி நிலத்தக் காணோம்’ என்றார். நான் ஊரைக் கூட்டினேன். கோயில் வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். நீ அந்தத் தாளை விரித்து, அடிக்கோலை வைத்து எல்லோருக்கும் அளந்து காட்டினாய். நாற்பது வந்தது. ‘மாட்ட வச்சு அளக்கிறா பாருங்க. மூணாங்கிளாஸ் படிச்சவ எனக்குக் கணக்கு சொல்றாளாம்’ என்றாய். முப்பது பேரும் சிரித்தார்கள். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்குத்தான் சூடத்தை அணைத்தேன்.

நீ திருடன் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். போன மாதம் பிள்ளை ‘ஒரு படத்தைப் பெரிதாக்கினால்’ என்று படித்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். அந்தத் தாள் பத்திரத்தோடு இருக்கிறது. தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துச் சின்னப் படத்தையும் வாங்கினேன். பெரிய தாளை நடுவில் மடித்துச் சின்னப் படத்தின் மேல் வைத்தேன். ஓரத்துக்கு ஓரம் நின்றது. அப்புறம் என் பங்கின் மேல் புளியங்கொட்டை பரப்பினேன். பெரிய தாளில் முப்பத்தாறு கொட்டை. சின்னதில் பதினெட்டு.

பெரிதாக்கச் சொன்னது நான். அதை நான் மறைக்கவில்லை. சரிபார்க்காதது நீ. நம் நிலம் மூன்று ஏக்கர். அந்தத் தாளில் முழுதையும் அளந்திருந்தால் ஆறு வந்திருக்கும். இரண்டு நிமிட வேலை என்று நீயே எழுதியிருக்கிறாய். முட்டாள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய்.

கோகிலவாணியின் புருஷன் விட்டுப்போன பிறகு நாங்கள் மூன்று பேரும் இந்த அரை ஏக்கரில்தான் கிடக்கிறோம். இரண்டு போர் போட்டும் புகைதான் வந்தது. நம் நிலத்தில் தண்ணீர் இருப்பது அந்தக் கிணறு ஒன்றில்தான். தையில் அதை மூடிவிடுவார்கள். வக்கீல் சந்திரமோகனிடம் கேட்டேன். வழக்குப் போட்டால் வரப்புதான் எல்லை என்பார்கள், காலமும் கடந்துவிட்டது என்கிறார். ஒரே வழி, நீயே வந்து பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுப்பது. எல்லையைக் கிணற்றுக்கு மேற்கே தள்ளி, ஒரு ஏக்கர் நிறையும் இடத்தில் வைக்க வேண்டும்.

தைக்குள் வா.

தீர்த்தம்


பாப்பிரெட்டிப்பட்டி
30.10.2024

அன்புள்ள தீர்த்தம்,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். முதல் நாலிலும் உன்னை மறுத்து எழுதியிருந்தேன்.

பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். 1993 நோட்டில் அந்தக் கணக்கு இருக்கிறது. 11.3 × 3.54 = 40. அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே பக்கம் காலி. சரிபார்க்கவில்லை.

அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

தப்பு என்னுடையது. நான் உனக்கு அரை ஏக்கர்தான் கொடுத்தேன். நீ சொன்னது சரி. மாடு சொன்னதும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தவறுகிறது. சேலத்து டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அருணின் மனைவி மணிமேகலை கதவுகளில் சீட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். ‘குளியலறை’, ‘இது உங்கள் அறை மாமா’. சில நாள் எல்லாம் தெளிவாக இருக்கிறது, இன்றைக்குப்போல. சில நாள் பேரன் யார் என்று கேட்டேனாம். மாப்பிள்ளையின் முட்டி வலியைக் கேட்டது குத்துவதற்காக அல்ல. அவர் இறந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் வேப்பமரம் ஞாபகம் வந்தது. காபி வேண்டாம் என்று சொன்னது கை நடுங்கியதால். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அருணிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் முன்பே அவனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவன் கெட்டவன் இல்லை, ஆனால் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். ‘ரிஜிஸ்தர் ஆபீஸ்ல நீங்களே உங்க வாயால சொல்லுங்கப்பா. சொன்னா நான் குறுக்க நிக்கமாட்டேன். உங்களுக்காக நான் சொல்லமாட்டேன்’ என்கிறான். நியாயம்தான்.

நவம்பர் 25, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்குக் காரிமங்கலம் வருகிறேன். ஒரு சீட்டில் இப்படி எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்: ‘தீர்த்தத்துக்கு அரை ஏக்கர் குறைந்தது. கிணறு அவளுடையது. தவறு என்னுடையது. மாதவராஜ்.’ சட்டை மாற்றும்போதெல்லாம் சீட்டையும் மாற்றச் சொல்லி மணிமேகலையிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணன்


பாறைக்கொட்டாய்
8.11.2024

அண்ணா,

கடிதம் வந்தது. கோகிலவாணி இரண்டு முறை படித்தாள். நான் ஒரு முறைதான் படித்தேன், அதுவே மனசில் இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பொய். அந்த முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் செத்துவிட்டார்கள். அவர்களிடம் போய் யார் சொல்வது?

காரிலேயே வா. பஸ் வேண்டாம், தர்மபுரியில் மாறி ஏற வேண்டும், உன்னால் முடியாது. பத்திரம் எழுதுகிற பச்சியப்பனிடம் எல்லாம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன். நீ கையெழுத்துப் போட வேண்டும், கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

வேலை முடிந்ததும் வூட்டுக்கு வா. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்கிறேன். உனக்குக் கருவாடு போடக் கூடாது என்று ஞாபகம் இருக்கிறது, சின்ன வயதில் ஒரு தடவை உதடு வீங்கியது.

அன்றைக்கு உன் குரலைக் கேட்பேன். அம்மனிடம் சொல்லிவிட்டேன்.

தீர்த்தம்


பாறைக்கொட்டாய்
27.11.2024

அண்ணா,

நேற்று முன்தினம் நடந்தது உனக்கு நினைவிருக்காது. அதனால் எழுதுகிறேன். எனக்கு நினைவிருப்பதை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும்.

நீ வந்தாய். சலவை வேட்டி. அருண் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய், ‘அம்மா’ என்றாய். நான் நம் அம்மா மாதிரி இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள், சரி என்று விட்டுவிட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். பதிவு செய்கிற அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார்: ‘ஐயா, பழைய பத்திரத்துல அளவு தப்பா இருக்குது, அதத் திருத்திக் குடுக்கறீங்க. சம்மதங்களா?’

நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். கோயில் வாசலில் இப்படித்தான் நிமிர்ந்தாய்.

‘எந்த அளவு தப்பு? நான் அளந்தது. ஒரு ஏக்கர். நாற்பது சதுர சென்டிமீட்டர்’ என்றாய்.

பச்சியப்பன் உன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து முன்னால் வைத்தார். ‘சார், இது உங்க கையெழுத்துதானுங்களே?’ நீ கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாய். முழுதும் படித்தாய். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக ஒரு கோடு அடித்து, பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதிச் சுழித்தாய். ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்துவதைப்போல.

‘யாரு எழுதினது இது?’ என்றாய்.

அருண் தலையைக் குனிந்துகொண்டான். உன் அக்டோபர் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அந்த அம்மாள் வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். ‘ஆயா, கடிதத்த வச்சுப் பதிய முடியாதுங்க. அவரு சம்மதிக்கணும். அவரு நிலைமையப் பார்த்தா, சம்மதிச்சாக்கூட நான் யோசிக்கணும்’ என்றார். அவர்மேல் தப்பு இல்லை.

அப்போதுதான் நான் பேசினேன். முப்பது வருஷம் கழித்து. ‘அண்ணா, கிணறு என் பங்குல வரும்ணா. நீதானே எழுதினே?’ என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாளிடம் சொன்னாய்: ‘மூணாங்கிளாஸ் படிச்சவ எனக்குக் கணக்கு சொல்றாளாம்.’

வார்த்தை மாறவில்லை. எல்லாம் மறந்த உனக்கு அது மட்டும் எப்படி நின்றது என்று யோசிக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வரிசையில் இருந்தவர்கள் உன்னைப் பார்த்து ‘ப்ச்’ என்றார்கள்.

வெளியே அருண் வந்து நின்றான். ‘அத்தை, நான் தடுக்கலையே’ என்றான். ‘நீ அவர்கூட இருக்கறவன், உனக்குத் தெரியுமில்ல, நீ கையெழுத்துப் போடேன்’ என்றேன். ‘அப்பாவே இல்லைன்னு சொன்னப்புறம் நான் எப்படி?’ என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அதையும் நான் மறக்கமாட்டேன்.

நீ களி தின்ன வரவில்லை. காரில் ஏறியதும் தூங்கிவிட்டாய்.

தீர்த்தம்


பாப்பிரெட்டிப்பட்டி
16.12.2024

அன்புள்ள தங்கை தீர்த்தத்துக்கு,

நலம். நலமறிய ஆவல். உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. நீதான் எழுதுவதே இல்லை.

மேசையைச் சுத்தம் செய்தபோது உன் கையெழுத்தில் ஒரு கணக்குக் கிடைத்தது. பேத்திக்குப் போல. பதில் போடாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். இதோ விடை.

படத்தைப் பெரிதாக்கினால் நிலம் பெரிதாகாது. தாளில் 40 சதுர சென்டிமீட்டர் என்பது மூலப்படத்தில் 20. ஆகவே 2000 சதுர மீட்டர், அரை ஏக்கர். அளந்தவன் முழு நிலத்தையும் ஒருமுறை அளந்து சரிபார்த்திருந்தால் பிழை தெரிந்திருக்கும். யாரோ ஒரு முட்டாள். பாவம், அவனிடம் நிலம் வாங்கியவர்கள் கதி என்ன ஆனதோ!

இந்த வருடம் மழை பரவாயில்லையாமே. நான் அளந்து கொடுத்த ஒரு ஏக்கரில் கேழ்வரகு போட்டாயா, கொள்ளா? கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு வா. நாம் ஏன் பார்த்துக்கொள்வதே இல்லை என்று மணிமேகலையிடம் கேட்டேன்.

உன் அண்ணன்
மாதவராஜ்


பாறைக்கொட்டாய்
3.2.2025

அண்ணா,

தை இருபத்தொன்று. நிலம் கைமாறிப் பத்து நாள் ஆகிறது. அருண் கையெழுத்துப் போட்டான், இந்தப் பக்கம் வரவில்லை. வந்தவர்கள் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வரிசையாக நட்டிருக்கிறார்கள். கிணற்றைப் பாதி மூடிவிட்டார்கள். முதலில் மண் கொட்டினார்கள், தண்ணீர் மேலே வந்தது, பிறகு தொப்பூர்ப் பக்கம் இடித்த கட்டடத்துக் கல்லும் கம்பியும் இரண்டு லாரி கொண்டுவந்து தள்ளினார்கள். தள்ளும்போது தண்ணீர் வரப்பைத் தாண்டித் தெறித்து என் கொள் மேல் விழுந்தது. பங்கு பிரித்த பிறகு இந்த நிலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் பட்டது அந்த ஒரு தடவைதான்.

கோகிலவாணி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் போகமாட்டேன். இதை விட்டுப் போனால், இது பாதி என்று சொல்லவும் ஆள் இருக்காது.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்தபோது அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அப்புறம் கோபப்படவும் எதிரில் ஆள் இல்லை என்று தெரிந்தது. நீ இருந்தால்தானே உன்மேல் கோபப்பட? கோயில் வாசலில் நின்றவனை எங்கே போய்ப் பிடிப்பது? அந்த நாளில் இருந்தவர்களில் அதை முழுதாக வைத்திருப்பது நான் ஒருத்திதான். செத்தவர்கள் செத்தார்கள், நீ மறந்துவிட்டாய். நான் போனால் அதுவும் போய்விடும். உனக்கு அரை ஏக்கர் என்றால் யாருடையது என்று தெரியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிகிறது.

பேத்தியிடம் சொல்லிச் சின்னப் படத்தையும் பெரிய தாளையும் வெள்ளைத் தாளில் வரையச் சொன்னேன். அழகாக வரைந்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். என் விலாசத்துக்கு வருகிற மாதிரி என் பேர் எழுதி, தபால்தலை ஒட்டிய உறைகள் ஆறு இருக்கின்றன. கீழே இருக்கிற கணக்கைப் போட்டு மாதம் ஒன்று அனுப்பு. மணிமேகலை ஞாபகப்படுத்துவாள், அவளுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.

கணக்கு இது:

ஒரு அப்பா சாகும்போது மகளுக்கு ஒரு ஏக்கர் என்றார். மகன் பெரிதாக்கிய படத்தில் அடிக்கோலை வைத்து அளந்து கொடுத்தான். முழு நிலத்தை அளந்து சரிபார்க்கவில்லை. மகளுக்குக் கிடைத்தது எவ்வளவு? குறைந்தது எவ்வளவு?

வழியோடு எழுது. கீழே கையெழுத்துப் போடு. உன் பேரை முழுதாக எழுது.

தீர்த்தம்